வகுபடாத எண்ணும் எரிந்த வைக்கோல் போரும்

“அன்னைக்குத்தான் அவர் வந்தாருன்னு எப்படி இவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?” என்று அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார்.

சாட்சிக் கூண்டில் நின்றிருந்த வசந்தா சற்று யோசித்தாள். பிறகு சொன்னாள்: “அன்னைக்குத்தாங்க அது வகுபட்டுடுச்சுன்னு நெனச்சோம்.”

“எது?”

“ஒரு நம்பருங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மின்விசிறி சுற்றுவதாகப் பெயர், காற்று வரவில்லை. சுவரோரப் பெஞ்சில் வசந்தாவின் அப்பா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில் என் அண்ணன் கலியபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன்மீதுதான் வழக்கு. புகார் கொடுத்தவர் வசந்தாவின் அப்பா. அண்ணனுக்காகச் சாட்சி சொல்ல வந்திருந்தவள் வசந்தா.

இந்தத் தொடரில் இந்த நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வாரங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். நினைத்தாலே தோள்பட்டை கனக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு என் உத்தியோக காலத்தைப் பற்றி என்ன எழுதினாலும் அது ஒப்புக்கு எழுதியதாகத்தான் இருக்கும்.

மாடிப் போர்ஷன்

கழக ஆட்சி வந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் எனக்குக் கணக்கு டியூட்டர் வேலை. எங்கள் தெருவிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் ஒரு பெண். வேலை கிடைத்த செய்தி வந்த அன்று அம்மா வழக்கம்போல் நடவுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் காலில் சேறோடு வந்து நின்று, “நெழல்லதானே வேல?” என்று மட்டும் கேட்டாள்.

வசந்தாவும் அதே துறையில் டியூட்டர். சொந்த ஊரும் ஒன்றே. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அவர்கள் வீடும் களமும் நிலமும். அந்தப் பக்கம் எங்கள் தெரு. ஒரே ஊரில் பிறந்தும் நாங்கள் முகம் பார்த்துப் பேசிக்கொண்டது கல்லூரியில்தான். அவள் அப்பாவின் வயலில் என் அப்பாவும் அண்ணனும் வேலை செய்தவர்கள் என்பது இருவருக்குமே தெரியும். அதைப் பற்றிப் பேசியதில்லை.

மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மாடிப் போர்ஷனை அவள்தான் பார்த்தாள். “தனியா இருக்கறதுக்கு ரெண்டு பேரா இருந்துடலாம்” என்றாள். யாருடன் தங்குகிறாய் என்று வீட்டில் கேட்டபோது, கூட வேலை பார்க்கிற டீச்சரோடு என்று பதில் சொன்னாள். பொய்யில்லை. பிறகு விஷயம் தெரிந்தபோதும் அவள் அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த மாடிக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை, அவ்வளவுதான்.

திரி ஸ்டவ்வில் மாறி மாறிச் சமைத்தோம். சாம்பாரில்கூட மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். இரவு எட்டு மணிக்கெல்லாம் இருவருக்கும் கண் சொருகிவிடும். பாடம் நடத்திக் களைப்பது தனி. சம்பளம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மிச்ச நாளை ஓட்டுகிற களைப்பு தனி.

இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம்

கல்லூரியின் கணித மன்றத்தில் ஏதாவது பேசச் சொன்னார்கள். வசந்தா ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தாள். 2147483647. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.

இதற்கு ஒரு எளிய பிறப்பு உண்டு. முதல் நாள் ஒரு நெல்மணி வைக்கிறோம். மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகிறோம். முப்பத்தொரு நாள் உள்ள மாதம் முடியும்போது, வைத்த நெல்லையெல்லாம் சேர்த்து எண்ணினால் இந்த எண் வரும். வேறுவிதமாகச் சொன்னால், இரண்டை முப்பத்தொரு முறை எழுதிப் பெருக்கி அதில் ஒன்றைக் கழித்தது.

இது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. அப்போதைக்குக் கிட்டத்தட்ட இருநூறு வருடங்களுக்கு முன், கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்ட ஒரு ஐரோப்பியர் இதை நிறுவினார். அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் மனிதருக்குத் தெரிந்த பகா எண்களில் இதுவே பெரியது.

“புத்தகத்துல இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடலாமே” என்றேன். வசந்தா ஒத்துக்கொள்ளவில்லை. நாமே வகுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுவோம் என்றாள்.

எல்லா எண்களாலும் வகுக்க வேண்டியதில்லை. ஒரு எண் இரண்டாக உடைந்தால் ஒரு துண்டாவது அதன் வர்க்கமூலத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று நாற்பது வரை பார்த்தால் போதும். அதிலும் இந்த எண்ணின் பிறப்பு நமக்கு உதவுகிறது. இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும்; 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 வர வேண்டும். இதற்கு நிரூபணம் உண்டு; வாசகர்களைப் படுத்த விரும்பவில்லை. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248 கூட்டிக் கூட்டிப் போகும் இரண்டே வரிசைகள்தான் மிஞ்சும். ஒன்று 1-லிருந்து புறப்படுவது, மற்றது 63-லிருந்து. அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கும் குறைவு.

முதல் வரிசை அவளுக்கு, இரண்டாவது எனக்கு. எனக்கு முதலில் வந்தது 311. வகுத்தேன், மீதி 35. அவளுக்கு முதலில் வந்தது 1489, மீதி 199. ஒருவர் வகுத்ததை இன்னொருவர் திருப்பிப் பெருக்கிச் சரிபார்க்க வேண்டும். பழைய விடைத்தாள்களின் பின்பக்கம்தான் எங்கள் காகிதம்.

மன்றத்துக் கூட்டம் எதற்கோ தள்ளிப்போய், பிறகு நடக்கவே இல்லை. நாங்கள் விடவில்லை. ஒரு வாரம் தொடவே மாட்டோம்; அடுத்த வாரம் இரண்டு மூன்று முடிப்போம்.

இந்த வேலையில் ஒரு அலுப்பு உண்டு, அதை யாரும் புத்தகத்தில் எழுதுவதில்லை. எண் பகா எண்ணாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நமக்குத் தோல்விதான். வகுக்கிறோம், மீதி வருகிறது. அடுத்ததை எடுக்கிறோம், மீதி வருகிறது. எல்லாத் தோல்வியும் சேர்ந்துதான் கடைசியில் ஒரு உண்மை. நடுவில் நிறுத்திவிட்டால் நம் கையில் ஒன்றுமே இல்லை.

பல் வலி

குறுவை அறுப்புக்கு வந்தது. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. எங்கள் ஊரில் சங்கத்துக்குப் பொறுப்பு என் அண்ணன். வசந்தாவின் அப்பா வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். வயலோரம் போலீஸ் நின்றது. புது ஆட்சி நம் பக்கம் என்று எங்கள் தெருவில் சிலர் நம்பினார்கள். நம் பக்கம் என்று மிராசுதார்களும் நம்பினார்கள். தலை சாய்ந்த கதிர் மழைக்குப் பயந்துகொண்டு வயலிலேயே நின்றது.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி வாக்கில், அண்ணன் எங்கள் மாடிக்கு வந்தான். ஒரு கன்னம் வீங்கி, கண் சிறுத்துப் போயிருந்தது. பல் டாக்டரைப் பார்க்க பஸ் ஏறி வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று வலியில் தோன்றவில்லை. வசந்தா கீழ் வீட்டில் கேட்டுக் கிராம்புத் தைலம் வாங்கி வந்தாள். பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அறை முழுக்க அந்த வாசனை.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டான். நெல்மணிக் கணக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டு வாயை அதிகம் திறக்காமல் பேசினான்.

“அவ்வளவு நெல்லையும் சமமா பங்கு போட முடியாதுங்கிற?”

“முடியாதுண்ணே. ஆளுக்கு ஒரு நெல்லுன்னு அத்தனை பேருக்கும் போடலாம். இல்லன்னா மொத்தத்தையும் ஒரே ஆளு வச்சிக்கலாம்.”

“ரெண்டாவதுதான் நடந்துக்கிட்டிருக்கு” என்றான்.

வசந்தா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரிக்கப் பார்த்து, வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கிப்போனான்.

இரண்டரை மணிக்கு மேல் இருக்கும். வசந்தா 19841-ஐ வகுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “மல்லிகா, மீதி இல்ல” என்றாள்.

இருநூறு வருடமாக எல்லோரும் தவறா? நான் போட்ட சத்தத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். என்ன ஏது என்று கேட்டவனிடம், வகுபட்டுவிட்டது என்று வசந்தா சொன்னாள்.

திருப்பிப் பெருக்கினேன். சேரவில்லை. நடுவில் ஒரு கழித்தலில் கடன் வாங்கியதை மறந்திருந்தாள். சரியாகச் செய்தால் மீதி 12853. அண்ணன் பஞ்சை மாற்றிக்கொண்டு, “அப்ப இல்லியா?” என்றான். இல்லை என்றோம். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான்.

மறுநாள் காலை செய்தி வந்தது. ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு வசந்தா வீட்டுக் களத்தில் வைக்கோல் போர் எரிந்துவிட்டது. கலியபெருமாள் ஓடியதைக் கண்ணால் பார்த்ததாக அவள் அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிறு மாலையே, ஊருக்குப் போய் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே அண்ணனைப் பிடித்துவிட்டார்கள்.

மீதி

அண்ணன் சப்-ஜெயிலில் சில வாரங்கள் இருந்தான். பிறகு ஜாமீன் கிடைத்தது. மாடியில் நாங்கள் இருவரும் பழையபடி இருந்தோம். அவள் வேறு வீடு பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பேச்சு நின்றுபோயிற்று. சண்டையில்லை. எதைப் பேசினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் போய் முட்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. நான் சொன்னால் கோர்ட்டில் எடுபடாது, நான் தங்கை. கீழ் வீட்டுக்காரர்கள் யாரோ ஆள் வந்ததை அறிவார்களே தவிர, யாரென்று பார்க்கவில்லை. மிச்சம் இருந்தது வசந்தா ஒருத்திதான். அவள் பேசினால் அவள் அப்பா பொய்ச் சாட்சி சொன்னவர் ஆவார். பேசாவிட்டால் என் அண்ணன் ஜெயிலுக்குப் போவான். இதில் நான் கேட்க என்ன இருக்கிறது? நான் கேட்கவில்லை. அம்மா மட்டும் ஒருமுறை வந்து, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, “அந்தப் புள்ளகிட்ட சொல்லேன்” என்றாள். முடியாதும்மா என்றேன். வற்புறுத்தாமல் எழுந்து போனாள்.

கணக்கு மட்டும் நடந்தது. சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவியபின் எதிரெதிரே உட்காருவோம். தாளை மாற்றிக்கொள்வோம். “மீதி?” என்பாள். சொல்வேன். “சரி” என்பாள். சில நாள் முழுக்க எங்களுக்குள் இந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு பேச்சே இருந்ததில்லை. ஏன் விடாமல் செய்தோம் என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். அதையும் விட்டிருந்தால் அந்த வீட்டில் இரண்டு பேர் ஒன்றாக இருக்க ஒரு காரணமும் இருந்திருக்காது.

பொங்கல் கழிந்து ஒரு மாலை, கடைசி எண் என் வரிசையில் வந்தது. 45943. வகுத்தேன். மீதி 15941. அவள் பெருக்கிப் பார்த்துச் சரி என்றாள். முடிந்துவிட்டது. எண் பகா எண்தான்.

ஏதாவது தோன்றும் என்று இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். எங்களுக்கும் இப்போது தெரியும். கழுத்து வலித்தது. வசந்தா தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“ஒங்க அண்ணன் வக்கீல் பேரு என்ன?”

சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு விளக்குத் திரியைத் தூண்டப் போனாள். அன்று மின்சாரம் இல்லை.

கூண்டில்

இப்போது மறுபடி கோர்ட்டுக்கு வருகிறேன். பின்வரிசைச் சிரிப்பு அடங்கியது. வக்கீல் விடவில்லை. மூன்று பேர் ஒரு அறையில் உட்கார்ந்து நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்களாம், அதை வைத்து நாள் ஞாபகம் இருக்கிறதாம் என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் ஏளனமாகச் சொன்னார். மாஜிஸ்ட்ரேட், என்ன கணக்கு என்று வசந்தாவையே கேட்டார். அவள் வகுப்பில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். நெல்மணி இரட்டிப்பதைச் சொன்னாள். வர்க்கமூலம் வரைக்கும் பார்த்தால் போதும் என்பதைச் சொன்னாள். வகுபட்டதாக நினைத்தது, அந்தச் சத்தத்தில் கலியபெருமாள் எழுந்தது, திருப்பிப் பெருக்கியது, அவர் நாலு மணி பஸ்ஸுக்குப் போனது, மறுநாள் காலையில் ஊரிலிருந்து செய்தி வந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“இதனால யாருக்கு என்னம்மா பிரயோஜனம்?” என்றார் மாஜிஸ்ட்ரேட். கணக்கைத்தான் கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க” என்றாள்.

வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார். “அப்ப உங்க அப்பா பொய் சொல்றாரா?”

வசந்தா பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எங்க அப்பா யாரைப் பார்த்தாருன்னு எனக்குத் தெரியாதுங்க. மூணு மணிக்கு இவரு எங்க வீட்டுல இருந்தாரு. அது எனக்குத் தெரியும்.”

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அண்ணன் விடுதலை. போரை யார் கொளுத்தினார்கள் என்று இன்றுவரை தெரியாது. கூலி கொஞ்சம் உயர்ந்தது. ஆனால் அந்த ஊரில் எந்த வயலிலும் அண்ணனை மட்டும் கூப்பிடவில்லை. பூம்புகார்ப் பக்கம் படகு வேலைக்குப் போனான். கடைசிவரை அங்கேயே இருந்தான். வசந்தா அடுத்த வருடமே தெற்கே ஒரு கல்லூரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். சில வருடம் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். பிறகு அதுவும் நின்றது. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இருவருக்கும் அலுத்துவிட்டது போலிருக்கிறது.

ஒரே பஸ்

சாட்சி முடிந்த அன்று மாலைக்கு மட்டும் திரும்பிப் போகிறேன்.

கோர்ட் இருந்த அந்தத் தாலுகா ஊரிலிருந்து கும்பகோணம் போக அப்போது ஒரே பஸ். எங்கள் ஊருக்குப் பிரியும் கைகாட்டி நிறுத்தமும் அந்த வழியில்தான். நான், வசந்தா, அண்ணன் மூவரும் ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். சற்றுத் தள்ளி டீக்கடை நிழலில் அவள் அப்பா நின்றார். அவருக்கும் அந்தப் பஸ்தான். அரை மணி நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பஸ் நிறைந்து வந்தது. முன்பக்கம் நானும் வசந்தாவும் ஏறிப் பெண்கள் சீட்டில் ஒண்டிக்கொண்டோம். அண்ணன் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர், வசந்தாவின் அப்பா, பின்படியில் ஏறினார். யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். வசந்தா கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கண்டக்டர் பின்னாலிருந்து சீட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பெரியவரின் குரல் கேட்டது. பஸ் இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டது.

“கைகாட்டி ஒண்ணு. கும்பகோணம் ஒண்ணு.”

வசந்தா கண்ணைத் திறந்தாள். திரும்பவில்லை.

“கும்பகோணம் யாருங்க?” என்றார் கண்டக்டர்.

“முன்னாடி எம் பொண்ணு.”

அவள் ஊருக்கு வர வேண்டாம் என்பதும் அதில் இருந்தது. இருந்தாலும் சீட்டு அவர்தான் எடுத்தார். அந்தச் சின்னக் காகிதம் கூட்டத்தில் கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. நடுவில் நின்ற அண்ணன் கைக்கு வந்தபோது அவன் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தான். பெரியவரும் அவனைப் பார்த்தார். பிறகு அண்ணன் இரண்டடி நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்து, குனிந்து, வசந்தாவிடம் அதைக் கொடுத்தான்.

“அப்பா எடுத்தாரும்மா” என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள். கைகாட்டியில் பஸ் நின்றது. அண்ணனும் அவரும் ஒரே படியில் இறங்கினார்கள். ஒருவர் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமுமாக நடந்து போவது, பஸ் திரும்பும்வரை தெரிந்தது.